ஏரி வாரியம் முதல் ஏரியா சபை வரை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் ஒரு விதி வெட்டியிருக்கிறது. ஊர்ச் சபையின் குழுவான வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவருடைய பெயரை மறுபடி குடவோலையில் எழுதக் கூடாது. அவர் ஒருவரோடு விதி நிற்கவில்லை. பெரியம்மா பிள்ளை, சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை, தாய்மாமன், மாமனார், மைத்துனர், மருமகன் என்று உறவுகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அத்தனை பேரையும் விலக்கி வைக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 921இல் வெட்டப்பட்ட கல்வெட்டு அது.

பள்ளிக்கூடத்தில் இதைப் படிக்கும்போது பானையும் ஓலையும்தான் மனதில் பதியும். நான் இந்தக் கல்வெட்டை ஊன்றிப் படித்தது 2011 அக்டோபருக்குப் பிறகு. அந்த மாதம் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட வார்டு ஒன்றில் நின்று, மாடம்பாக்கம் பேரூராட்சி மன்றத்துக்கு உறுப்பினராகப் போனேன். மன்றத்தில் உட்கார்ந்து எழுந்த பிறகு படித்தபோது பானை பின்னுக்குப் போய், கணக்கைப் பற்றிய வரிகள் முன்னுக்கு வந்தன. தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைச் சொன்ன அதே கல்லில், கணக்கு ஒப்பிப்பது எப்படி என்பதையும் அந்தச் சபை எழுதி வைத்திருக்கிறது. நம்முடைய ஊராட்சி வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பாதியைக் கொண்டாடிவிட்டு இரண்டாம் பாதியைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு இரண்டாம் பாதிதான் பெரிது.

அதற்குக் காரணம் உண்டு. மன்றத்துக்குப் போவதற்கு முன்னால் எனக்கு இருந்த பொது அனுபவம் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுதான். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு. குழு கூடினால் முதல் வேலை, கணக்கு நோட்டைச் சத்தமாகப் படிப்பது. சேமிப்பு எவ்வளவு, உள்கடன் யாருக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு வந்தது, கைரொக்கம் எவ்வளவு என்று ஊக்குநர் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் காதில் வாங்கி, “போன மாசம் இருநூறு அதிகமா சொன்னியே, அது எங்க?” என்று கேட்பார். பதில் வந்த பிறகுதான் கையெழுத்தும் கைரேகையும். இந்தப் பழக்கத்தோடு வந்தவளுக்கு அரசாங்கக் கணக்கு புது உலகமாக இருந்தது.

மாடம்பாக்கம் கிழக்குத் தாம்பரத்தை அடுத்த ஊர். கேம்ப் ரோட்டிலிருந்து வேளச்சேரி சாலையில் ராஜகீழ்ப்பாக்கம் வந்து தெற்கே திரும்ப வேண்டும். தேனுபுரீஸ்வரர் கோயிலால் வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். சோழர் காலத்துக் கோயில். யானை படுத்திருக்கும் வடிவில் பின்புறம் வளைந்த தூங்கானை மாட விமானம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். கோயிலின் வரலாறு சொல்கிறவர்கள், இந்த ஊரின் பழைய பெயர் உலகுய்யவந்த சோழச் சதுர்வேதிமங்கலம் என்பார்கள். சதுர்வேதிமங்கலம் என்றால் பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர்; அங்கே சபை இருந்திருக்கும். சபை இருந்தால் வாரியங்கள் இருந்திருக்கும். உத்திரமேரூரும் ஒரு சதுர்வேதிமங்கலம்தான். செங்கல்பட்டு தாண்டிப் போனால் வருகிற அந்த ஊர், பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் மாவட்டத்து ஊராகவே இருந்தது. இரண்டு ஊருக்கும் பொதுவான இன்னொன்று ஏரி. உத்திரமேரூர் ஏரி கல்வெட்டுகளில் வைரமேக தடாகம் என்ற பெயரோடு வருகிறது. எங்கள் ஏரி ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்தது. பிறகு ஏரிக்குள் கிணறு தோண்டிக் குடிநீர் எடுக்கும் இடமாயிற்று. வயல்கள் மனைகளாயின.

உத்திரமேரூர் சபை எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஊரில் 30 குடும்புகள், இன்றைய பேச்சில் 30 வார்டுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். பெரியவர் ஒருவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஏற்றதை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கே கூடியிருக்கும் கோயில் பூசகர்களான நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாங்கிப் படிக்க வேண்டும். அதன் பிறகுதான் அந்தப் பெயர் நிலைக்கும். விரல்களை விரிக்கச் சொன்னது ஏன் என்று விளக்கம் வேண்டியதில்லை. கைக்குள் ஓலையை மாற்ற முடியும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி.

தேர்ந்தவர்களில் தோட்டப் பணியிலும் ஏரிப் பணியிலும் முன்பு இருந்த அனுபவசாலிகள் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆண்டு வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். இதே முறையில் பொன் வாரியத்துக்கு 6 பேர், பஞ்சவார வாரியத்துக்கு 6 பேர். பொறுப்பு 360 நாள். இடையில் குற்றம் கண்டால் உடனே நீக்கம். வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் சொந்த வீடு, வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் இந்த முறை வரக்கூடாது.

கணக்கரைப் பற்றிய வரிகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். நேர்மையாகப் பொருள் ஈட்டுபவரே கணக்கு எழுத வேண்டும். தன் காலத்துக் கணக்கைப் பெரியவர்களிடம் ஒப்படைத்து, அவர் குற்றமற்றவர் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மறுபடி வேறொரு கணக்கை எழுதலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும்; இன்னொரு கணக்கர் நடுவில் புகுந்து அதை முடித்துவைக்கக் கூடாது. ஓர் அலுவலகத்தில் அதிகாரி மாறுதலில் போனால் கேள்வியும் அவரோடு போய்விடுகிற காலத்தில் வாழும் நமக்கு, இந்த ஒரு விதியின் அருமை புரியும்.

உத்திரமேரூர் சபையாரும் முதல் முறையே எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிடவில்லை. 919இல், பராந்தகனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அரசன் அனுப்பிய தத்தனூர் மூவேந்த வேளான் உடனிருக்க ஒரு விதி செய்தார்கள். இரண்டே ஆண்டில் அதைத் திருத்தி, இன்னும் விரிவாக எழுத வேண்டி வந்தது. தகுதி இல்லாதவர்களின் பட்டியல் நீண்டதைப் பார்த்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் ஊரில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். உள்ளாட்சிச் சட்டத்துக்குத் திருத்தம் மேல் திருத்தம் வருவதைக் குறையாகப் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்: திருத்தம் வருகிறது என்றால் யாரோ கவனித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அந்தச் சபையில் எனக்கு இடம் இருந்திருக்காது என்பதையும் சொல்லியே தீர வேண்டும். பெண் என்பதால் ஒரு முறை, வேதம் படித்த நிலவுடைமைக் குலத்தில் பிறக்காதவள் என்பதால் இன்னொரு முறை விலக்கியிருப்பார்கள். ஏரியைத் தூர் வாரியவர்களும் நடவு நட்டவர்களும் குடத்துக்கு வெளியில்தான் நின்றார்கள். உலகத்துக்கே மக்களாட்சியை நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று மேடையில் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சபையின் கதவு சிறியது. கணக்கைப் பற்றிய அவர்களுடைய கண்டிப்பு பெரியது. கதவைத் தள்ளிவிட்டுக் கண்டிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

சோழர்களுக்குப் பிறகு நூற்றாண்டுகள் கழித்து எங்கள் பகுதியைப் பற்றி இன்னொரு பெரிய கணக்கு கிடைக்கிறது. 1763இல் ஆற்காட்டு நவாப் செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய 2,000 ஊர்களை அளந்து, கணக்குப்பிள்ளைகளின் ஓலைகளிலிருந்து விவரம் திரட்டினார். எத்தனை வீடு, எந்தச் சாதியார், எத்தனை ஏரி, எத்தனை குட்டை, நஞ்சை எவ்வளவு, புஞ்சை எவ்வளவு, கோயில் எத்தனை எல்லாம் அதில் உண்டு. 1960களில் வரலாற்றாய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களைத் தேடி எடுத்து எழுதிய பிறகுதான் ஆய்வாளர்கள் பலருக்கு இவை தெரியவந்தன.

அந்தக் கணக்கில் ஊர்ச் செலவு எப்படி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கு எவ்வளவு, குடியானவனுக்கு எவ்வளவு என்று பிரிப்பதற்கு முன்பே ஊர்ப் பணிக்கான பங்கு அளந்து எடுக்கப்பட்டது. ஏரிக்கு, கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தலையாரிக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு, வெட்டியாருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் மேரை. எல்லோர் கண் முன்னாலும் மரக்காலால் அளந்த கணக்கு அது. சாதி அடுக்கில் அளவு வேறுபட்டது. கீழே நின்றவருக்குக் குறைவாகவே விழுந்தது. ஆனால் ஊர்ச் செலவு முதலில், மேலே போவது பிறகு என்ற வரிசை இருந்தது.

கும்பினி ஆட்சி நிலைத்ததும் இந்த வரிசை தலைகீழானது. முதல் பங்கு கஜானாவுக்கு. ஏரி மராமத்து கஜானாவிலிருந்து திரும்பி வர வேண்டிய ஒன்றாயிற்று. வருவது தாமதமானது, குறைந்தது, பல ஊர்களில் நின்றேபோனது. ஊரார் கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து தானாக நடக்கவில்லை என்று 1858இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஏரி உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரர்களைப் பிடித்து வேலை வாங்கலாம் என்றது அந்தச் சட்டம். பங்கை எடுத்துக்கொண்டு உழைப்பை மட்டும் கேட்டால் யார் மனமுவந்து மண்வெட்டியைத் தூக்குவார்கள்?

நகரத்தின் கதை வேறு. 1688 செப்டம்பர் 29இல் சென்னைக்கு மாநகராட்சி வந்தது. கோட்டையில் இருந்த கும்பினிக்காரர்களின் நோக்கம் வரி போடுவதற்கு உள்ளூர்க்காரர்களின் ஒப்புதலைப் பெறுவது. ஊர்ப்புறத்துக்கு வெகுகாலம் கழித்து 1871இல் உள்ளூர் நிதிச் சட்டம், 1882 மே மாதம் ரிப்பன் பிரபுவின் தீர்மானம், 1884இல் ஸ்தல ஸ்தாபனச் சட்டங்கள், 1920இல் அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய சட்டங்கள். ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்று ஊருக்கு எட்டாத தொலைவில் அவை கூடின. விடுதலைக்குப் பிறகு 1950இல் ஒரு பஞ்சாயத்துச் சட்டம், 1958இல் இன்னொன்று. காமராஜர் முதல்வராக இருந்த காலத்தில், 1960 அக்டோபர் 2 முதல் ஊராட்சி ஒன்றியங்கள் தொடங்கின. எங்களைச் சுற்றியுள்ள ஊர்கள் பரங்கிமலை ஒன்றியத்தில் இன்றும் இருக்கின்றன.

பேரூராட்சி இந்த வரிசையில் ஒரு நடுவாந்தரப் பிறவி. கிராமமும் இல்லை, நகராட்சியும் இல்லை. 1981இல் இவற்றுக்கென்று தனி இயக்ககம் வந்தது. 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் 1993இல் நடைமுறைக்கு வந்த பின் பேரூராட்சிகள் நகர்ப்புறக் கணக்கில் சேர்ந்தன. 2004இல் 561 பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றினார்கள். 2006இல் மறுபடி பேரூராட்சிகளாக்கினார்கள். நிதி எந்த வழியில் வருகிறது, யாரிடம் மனு கொடுப்பது, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதெல்லாம் இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை மாறியது. இப்படி மாறியதைப் பெரும்பாலான மக்கள் அலுவலகப் பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

நான் மன்றத்துக்குப் போன காலத்தில் கூட்டம் நடந்த விதத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எழுதி வைப்பதில்லை. கூட்டத்துக்கு முன்பு அஜெண்டா வரும். பொருள் எண் 1, பொருள் எண் 2 என்று வரிசையாக இருக்கும். முதலில் வரவு செலவுக் கணக்கு. பிறகு தெருவிளக்குக்கு டியூப், சோக், ஒயர் வாங்கிய செலவு; குடிநீர் மோட்டார் காயில் கட்டிய செலவு; டிராக்டருக்கு டீசல்; பிளீச்சிங் பவுடர்; சிமெண்ட் சாலைக்கு மதிப்பீடு; ஒப்பந்தப்புள்ளி ஒப்புதல். ஒவ்வொன்றின் கீழும் அலுவலகக் குறிப்பு: மன்றம் அனுமதிக்கலாம். அதற்குக் கீழே தீர்மானத்துக்கென்று விட்ட இடம். பொருளைப் படிப்பார்கள், அனுமதி என்பார்கள், அடுத்த பொருள். படிக்கிற வேகத்துக்கு நிமிர்ந்து கேள்வி கேட்டால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கேட்டேன். முதலில் கூச்சமாக இருந்தது. குழுவில் பழகிய நாக்கு என்பதால் பிறகு சரியாகிவிட்டது. மோட்டார் காயில் எந்தக் கிணற்று மோட்டாருக்கு, போன முறை கட்டியது எப்போது என்று கேட்டால் பதில் சொல்ல ஆவணம் எடுக்க வேண்டும். ஆவணம் எடுக்க நேர்ந்தாலே அடுத்த அஜெண்டாவில் அந்தப் பொருள் கூடுதல் விவரத்தோடு வரும். மன்ற உறுப்பினரின் அதிகாரம் என்று நான் கண்டது பெரும்பாலும் இவ்வளவுதான். இது சிறிய அதிகாரம் இல்லை.

வரவையும் சொல்ல வேண்டும். சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவை நேராக ஊரிலிருந்து வருவன. மாநில நிதிக்குழு மானியம் மேலிருந்து வருவது. இவற்றோடு முத்திரைத்தாள் தீர்வையில் உள்ளாட்சிக்குச் சேரும் கூடுதல் பங்கு உண்டு. எங்களைப் போன்ற புறநகர் ஊர்களில் வயல் மனையாகி விற்ற ஒவ்வொரு பத்திரத்திலும் ஊருக்கு ஒரு பங்கு விழுந்தது. மனை விற்கும்வரை பணம் வரும். விற்றுத் தீர்ந்த பிறகு அந்த மனைகளுக்கெல்லாம் சாலையும் கால்வாயும் விளக்கும் தண்ணீரும் தர வேண்டிய செலவு வரும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால்கள் தெருக்களுக்கு நடுவில் குறுகிப்போன பிறகு, அவற்றைத் திரும்ப அகலப்படுத்த ஆகும் செலவு எந்த லே-அவுட் கட்டணத்திலும் அடங்காது.

என் வார்டில் ஒரு பாட்டி இருந்தார். ரேஷன் கடையில் என்னைக் கண்டால் ஒரே கேள்வி: “ஏம்மா, நம்ம தெருவுக்குன்னு எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவாச்சு, அத சொல்லு.” தெருவாரியாகக் கணக்கு இல்லை பாட்டி, மொத்தக் கணக்குதான் இருக்கு என்று சொன்னால், “அப்ப நான் என்னான்னு கேக்கறது?” என்பார். அவருக்கு விடை கொடுக்க அலுவலகத்தில் பார்த்து, அந்தத் தெருவில் நடந்த வேலைகளைத் தனியே ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கால்வாய் மூடி போட்டதாக எழுதியிருக்கும் இடத்தில் மூடி இருக்கிறதா என்று அங்கேயே போய்ப் பார்த்தார்கள். இருந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் வரி வசூலுக்குப் போகிறவர்களிடம் யாரும் முகம் சுளித்ததாக நான் கேள்விப்படவில்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வேறுபாடு உறைத்தது. எங்கள் எல்லையைத் தாண்டினால் அகரம்தென். இன்னொரு பக்கம் வேங்கைவாசல். இரண்டும் கிராம ஊராட்சிகள். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி அங்கே கிராம சபை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு நான்கு முறை வாக்காளர் எவரும் போய் உட்கார்ந்து, ஊராட்சியின் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை எல்லாவற்றையும் கேட்கலாம். 2022இல் மார்ச் 22, நவம்பர் 1 என்று இன்னும் இரண்டு நாள் சேர்ந்தன. ஊர் பேரூராட்சி ஆனால் கிராம சபை கிடையாது. அதாவது, ஒரே மழையில் நனைந்து, ஒரே சந்தையில் காய் வாங்குகிற இரண்டு ஊர்களில், சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. இந்தப் பக்கம் இருப்பவர் உறுப்பினரைத் தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டும். ஊர் வளர்ந்ததற்காக ஊர்க்காரரின் உரிமை ஏன் குறைய வேண்டும்? இதற்கு யாரும் எனக்குச் சரியான பதில் சொன்னதில்லை.

தகவல் அறியும் உரிமை இருக்கிறதே என்பார்கள். தமிழ்நாடு 1997இலேயே அதற்குச் சட்டம் செய்த மாநிலம். நாட்டுக்கே பொதுவான சட்டம் 2005இல் வந்தது. 1998இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் வந்தது. எல்லாம் நல்லவை. ஆனால் மனு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கிற ஒருவர் தனியாள். சபையில் எழுந்து கேட்கிறவருக்குப் பின்னால் ஊர் உட்கார்ந்திருக்கிறது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு கொட்டிய மழையில் அடுத்த நாள் காலைக் கணக்கின்படி தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாறு ஏறி வந்த கதையை நாடே பார்த்தது. எங்கள் பக்கம் ஏரியின் போக்குக் கால்வாய்கள்தான் கவலை. அந்த வாரங்களில் நடக்கும் செலவு முன்கூட்டி மன்றத்துக்கு வராது, வரவும் முடியாது. ஜேசிபி வாடகை, மணல் மூட்டை, டீசல் என்ஜின், சாப்பாடு, மருந்து எல்லாம் உடனே செய்ய வேண்டியவை. பிறகு பின்னேற்புக்கு, அதாவது செலவு முடிந்த பின் மன்றத்தின் அனுமதிக்கு, வரும். பின்னேற்பு என்பது தவிர்க்க முடியாத ஏற்பாடு, ஆபத்தானதும்கூட. மண் வெட்டிய இடத்தில் மறுபடி தண்ணீர் வடிந்து, தடம் அழிந்த பிறகு எத்தனை மணி நேரம் ஜேசிபி ஓடியது என்று யாரால் சொல்ல முடியும்? கரையில் நின்றவர்களால் சொல்ல முடியும். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கிற சபைதான் அப்போது இல்லை. உத்திரமேரூரின் ஏரி வாரியத்தில் ஆறு பேரும் கரையில் நிற்கிற தூரத்தில் குடியிருந்தவர்கள்.

எங்கள் மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் அக்டோபர் 4இல் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்பது வழக்கு. பெரும்பாலான மாவட்டங்களின் கிராமப்புறத்துக்கு 2019 டிசம்பரிலும், எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்தின் கிராமப்புறத்துக்கு 2021 அக்டோபரிலும் தேர்தல் நடந்தது. நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 வரை நடக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர்களே மன்றமாக இருந்தார்கள். பொருளை முன்வைப்பவரும் அனுமதிப்பவரும் அரசு அலுவலர்கள். அந்த ஆண்டுகளில் மோட்டார் காயில் எந்தக் கிணற்றுக்கு என்று கேட்க மன்றத்தில் ஒருவரும் இல்லை. தேர்தல் தள்ளிப்போனதைப் பற்றி அரசியல் பேசினார்கள். கணக்குக் கேட்பவர் இல்லாமல் போனதைப் பற்றி அதிகம் பேசவில்லை. தேர்தல் வருவதற்குள் ஊர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால், நாங்கள்தான் மாடம்பாக்கம் பேரூராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கடைசி மன்றம்.

2021 நவம்பர் 3இல் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சிகள். சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகள். மொத்தம் 70 வார்டு, 5 மண்டலம். பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட மேயர் பதவியில் 2022 மார்ச்சில் வசந்தகுமாரி கமலக்கண்ணன் அமர்ந்தார். உத்திரமேரூர்க் குடத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வம்சம் மேயர் நாற்காலியில் அமர்ந்ததை நான் மகிழ்ச்சியோடு பார்த்தேன். பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் திருத்தப்பட்டிருந்ததால், மன்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

வாரியங்களும் வந்தன, நிலைக்குழுக்கள் என்ற பெயரில்: கணக்கு, கல்வி, பொது சுகாதாரம், வரிவிதிப்பும் நிதியும், நகரமைப்பு, பணிகள். மண்டலத்துக்கு ஒரு குழு. பணமும் பெரிது. பாதாளச் சாக்கடை, மழைநீர்க் கால்வாய், ஏரிகள் சீரமைப்பு, குப்பை மேலாண்மை எதுவும் பேரூராட்சி நிதியில் நினைத்துப் பார்க்க முடியாதவை, மாநகராட்சியால் முடியும். இதை மறுப்பவள் இல்லை நான். அதே 2022 ஏப்ரலில் சொத்து வரியும் உயர்ந்தது. சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,800க்கு மேற்பட்டதற்கு 100 சதவீதம் வரை. கொடுக்கிற வரி கூடியது. அதை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்யும் மேசை மாடம்பாக்கத்திலிருந்து தள்ளிப் போனது.

இந்த இடைவெளியைக் குறைக்க ஒரு வழி அதே ஆண்டில் திறந்தது. நகர்ப்புற வார்டுகளில் வார்டு குழுவும் ஏரியா சபையும் அமைக்க விதிகள் வந்தன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் ஏரியா சபைகள் கூடின. முதல்வர் மு.க. ஸ்டாலின் அன்று போய் உட்கார்ந்தது எங்கள் மாநகராட்சியில்தான், பம்மலில், 6ஆவது வார்டில். கிராமத்தில் இருந்து நகரத்தில் இல்லாமல் போன உரிமை, முதல் முறையாக ஒரு வடிவத்தில் திரும்பி வந்தது. மக்கள் தங்கள் பகுதியின் தேவையைச் சொல்லலாம், முன்னுரிமை சொல்லலாம், நடந்த வேலையைக் கேட்கலாம்.

ஆனால் அது குறை சொல்லும் கூட்டமாகச் சுருங்கிவிடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது. தெருவிளக்கு எரியவில்லை, நாய்த் தொல்லை, குப்பை வண்டி வரவில்லை. இவை எல்லாம் உண்மையான குறைகள், சொல்லியே ஆக வேண்டும். இவற்றுக்குத் தொலைபேசியில் புகார் செய்தாலும் ஆள் வருவார். தொலைபேசியில் கேட்க முடியாதது ஒன்று உண்டு: நம் வார்டுக்கு இந்த ஆண்டு என்னென்ன வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, மீதி எங்கே, அடுத்து மன்றத்துக்குப் போகப்போகிற பொருள் என்ன. அதைச் சபையில்தான் கேட்க முடியும்.

இப்போது பக்கத்துக் கிராம ஊராட்சிகளையும் மாநகராட்சியோடு சேர்க்கும் பேச்சு எழுந்திருக்கிறது. சேர்ந்தால் குழாயும் சாலையும் நன்றாக வரலாம். சேர்ந்த அன்றே கிராம சபை போகும், ஊரக வேலை உறுதித் திட்டமும் போகும். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். இந்த முடிவை எடுக்கிறவர்கள், எங்கள் ஊர் கடந்து வந்த வழியைப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கிராம சபைக்கு இணையான அதிகாரத்தை, வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் முன்வைத்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தோடு, ஏரியா சபைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் எல்லையை விரியுங்கள்.

அகரம்தென், வேங்கைவாசல் மக்களுக்கு: உங்களிடம் இருக்கும் கிராம சபையை ஒரு கூட்டம்கூட விடாதீர்கள். தாம்பரம் மாநகராட்சியின் 70 வார்டுகளில் இருப்பவர்களுக்கு: அடுத்த ஏரியா சபை எப்போது, எந்த இடத்தில் என்று உங்கள் உறுப்பினரிடம் இன்றே கேளுங்கள். போகும்போது அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். குறை சொல்லத் தொடங்குவதற்கு முன்பு, வார்டின் வரவு செலவை முதலில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படித்த தாளில் ஒரு நகல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.